பொதுப் பட்டறைக்கு எல்இடி விளக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

பட்டறைகளுக்கு ஒயரிங் செய்ய ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதெல்லாம் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு இடம் பிடித்து, ஆளுக்கொரு மெஷினைக் கொண்டுவந்து பொதுப் பட்டறை நடத்துவதை நிறையப் பார்க்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மெஷின், பெஞ்ச், பூட்டு எல்லாம் வாங்கி மிச்சமிருக்கும் காசில்தான் விளக்கு வாங்குகிறார்கள். அதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணா, பொள்ளாச்சி பக்கம் ஒரு பழைய தேங்காய் குடோனைப் பொதுப் பட்டறையாக மாற்றுகிறோம். 30 அடிக்கு 20 அடி, தகர ஷீட் கூரை, 12 அடி உயரம். சுவரை ஒட்டித் தச்சு பெஞ்ச், எதிர்ப்பக்கம் சின்ன லேத், டிரில்லிங் மெஷின், மூலையில் இரண்டு தையல் மெஷின். மொத்தம் எத்தனை வாட் போடணும்?

தம்பி, வாட் என்பது விளக்கு இழுக்கிற மின்சாரம். அது தருகிற வெளிச்சம் லுமென். பெட்டியில் இரண்டுமே போட்டிருக்கும், நீங்கள் பார்க்கவேண்டியது லுமென். அந்த லுமென் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு விழுகிறதோ அதுதான் லக்ஸ். பட்டறையில் நடமாட, பொருள் எடுத்து வைக்க, முரட்டு வேலை செய்ய 300 லக்ஸ் போதும். கோடு போட்டு அறுக்கிற பெஞ்சுக்கும் லேத்துக்கும் 500 வேண்டும். தையல், சால்டரிங் மாதிரி நுணுக்கமான வேலைக்கு 750 இருந்தால் கண் வலிக்காது.

உங்கள் இடம் 600 சதுர அடி, ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 300 லக்ஸ் கணக்கில் 16,800 லுமென் வருகிறது. ஆனால் விளக்கிலிருந்து கிளம்புகிற வெளிச்சமெல்லாம் பெஞ்சுக்கு வந்து சேராது. சுவரும் கூரையும் கொஞ்சம் விழுங்கிவிடும், மரத்தூள் படியப் படிய இன்னும் குறையும், அதனால் பட்டறை என்றால் பாதிதான் வந்து சேரும் என்று வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம். ஆக 34,000 லுமென் வேண்டும். பேட்டன் என்கிற நீளப் பட்டை விளக்கு, நாலடி 20 வாட்டில், ஒன்று 2,000 லுமென் தரும், 17 வருகிறது, மூன்று வரிசையாக அமைய 18 வாங்குங்கள். வரிசைக்கு ஆறு போட்டால் 24 அடி, உங்கள் 30 அடி நீளத்துக்குச் சரியாக உட்காரும்.

இப்போது எங்கே மாட்டுவது என்பதற்கு வருவோம், தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சமமாகப் பிரித்தால் ஓர வரிசை சுவரிலிருந்து மூன்றேகால் அடியில் வரும். உங்கள் தச்சு பெஞ்ச் சுவரை ஒட்டி இருக்கிறது, வேலை செய்கிறவர் தலை கிட்டத்தட்ட அதே மூன்றேகால் அடியில்தான் இருக்கும். விளக்கு உச்சந்தலைக்கு மேலே வந்துவிட்டால் அவர் குனிந்ததும் தலையின் நிழலும் தோளின் நிழலும் சேர்ந்து பென்சில் கோட்டின் மேல் விழும், ரம்பத்தை எங்கே வைப்பது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். அந்த ஒரு வரிசையை மட்டும் சுவரிலிருந்து இரண்டடிக்கு இழுத்து, பெஞ்சின் முன் விளிம்புக்கு நேர் மேலே வரும்படி தொங்கவிடுங்கள். அப்புறம் சுவருக்கும் ஷீட்டின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளை அடித்துவிடுங்கள். அதைவிட மலிவான வெளிச்சம் கடையில் கிடைக்காது.

கேள்வி: கடையில் 100 வாட் ஹைபே இரண்டு போதும், பதினெட்டு பேட்டன் எதற்கு என்கிறார்கள். எங்களுடையதும் 12 அடி உயரம்தான்.

ஹைபே என்கிற அந்த வட்ட விளக்கு 20 அடிக்கு மேல் உயரமான ஷெட்டுக்கு ஆனது. 12 அடியில் மாட்டினால் நிமிர்கிற போதெல்லாம் கண் கூசும், வெளிச்சமும் இரண்டே இடத்திலிருந்து வருவதால் நிழல் கத்தி வெட்டினது மாதிரி விழும். பேட்டன் நீளமாக இருப்பதால் கையின் ஒரு பக்கம் மறைத்தாலும் இன்னொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும். வேலை சுலபம் என்பதற்காக ஹைபே வாங்காதீர்கள்.

கேள்வி: சார், எங்கள் லேத்துக்கு மேலே புதுசாக எல்இடி போட்டோம். செல்போனில் வீடியோ எடுத்தால் கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. மற்ற எல்லாப் பதிலையும் தாண்டிப் போனாலும் இதை மட்டும் எல்லோரும் முழுசாகப் படியுங்கள்.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், அதனால் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். பழைய சோக் டியூபும் இப்படித்தான், ஆனால் அதன் உள்பூச்சு கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டே இருப்பதால் முழுசாக இருட்டாகாது. எல்இடிக்குச் சீரான கரண்ட் கொடுக்கிற சர்க்யூட்டுக்கு டிரைவர் என்று பெயர், அது சரியில்லாத எல்இடி ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அணைந்து அணைந்துதான் எரியும். இப்போது உங்கள் லேத்தில் சக், அதாவது வேலைப்பொருளைத் தாடைகளால் பிடித்துச் சுற்றுகிற பாகம், நான்கு தாடையோடு 1,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,500 சுற்று) ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 25 சுற்று, நான்கு தாடை, ஆக ஒரே இடத்தை நொடிக்கு 100 தாடை கடக்கிறது. விளக்கும் நொடிக்கு 100 முறை பளிச்சிடுகிறது. ஒவ்வொரு பளிச்சிலும் ஒரு தாடை அதே இடத்தில் இருப்பதால் கண்ணுக்குச் சக் நிற்பது மாதிரித் தெரியும். மூன்று தாடை சக் என்றால் 2,000 ஆர்பிஎம்மில் இதே கதை. 1,440 ஆர்பிஎம்மில் ஓடுகிற நான்கு தாடை சக் இன்னும் மோசம், நொடிக்கு ஒரு சுற்று வீதம் மெதுவாக, அதுவும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது மாதிரித் தெரியும்.

ஒரு பட்டறையில் இதை நான் நேரில் பார்த்தேன். பக்கத்திலேயே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் லேத் ஓடுவது காதில் விழவில்லை, வேலை பழகுகிற பையன் சக் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான். பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தான். அன்று சாயங்காலமே அந்த விளக்கைக் கழற்றச் சொன்னேன்.

வாங்கும்போதே பார்த்துவிடலாம். விளக்கை எரியவிட்டு ஒரு பென்சிலைப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே புகையாகத் தெரிந்தால் நல்லது. விசிறி மடிப்பு மாதிரித் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் ஃப்ளிக்கர் (இந்த மங்கி எரிவது) இல்லாதது என்று போட்டிருந்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். லேத்துக்கென்று கழுத்தை வளைக்கிற மாதிரி 24 வோல்ட் டிசி மெஷின் விளக்கு கிடைக்கும், நல்ல பவர் சப்ளையோடு அதை ஒன்று கூடுதலாகப் போடுங்கள். மூன்று ஃபேஸ் கனெக்‌ஷன் இருந்தால் பக்கத்துப் பக்கத்து விளக்கை வேறு வேறு ஃபேஸில் கொடுப்பது பழைய ஆட்களின் முறை, ஒன்று மங்குகிற நேரத்தில் இன்னொன்று எரியும். இன்றைக்கும் அது நல்ல முறைதான்.

இன்னொன்று, சீலிங் ஃபேனுக்கு மேலே விளக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும், அரை மணி நேரத்தில் தலை வலிக்கும்.

கேள்வி: நான் தையல் வேலை செய்கிறேன் அண்ணா. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டால் தையல் தெரிவதே இல்லை. கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் பிடிபடாமல் ஒருநாள் நூலையே மாற்றிப் போட்டுவிட்டேன். வெள்ளை லைட் போடணுமா, மஞ்சளா?

அக்கா, உங்களுக்கு இரண்டு பிரச்சினை சேர்ந்திருக்கிறது. ஒன்று அளவு. கறுப்புத் துணி விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைக் குடித்துவிடும், அதனால் அறை விளக்கு எவ்வளவு இருந்தாலும் போதாது. ஊசிக்குப் பக்கத்தில் இடதுபுறமாக ஒரு சின்ன எல்இடி ஒட்டிக்கொள்ளுங்கள், காந்தத்தில் ஒட்டுகிற மாதிரியே கிடைக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு தையலுக்கும் ஒரு குட்டி நிழல் வரும், அந்த நிழல்தான் உங்களுக்குத் தையலைக் காட்டும்.

இரண்டாவது நிறம். வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல விளக்கு, மேலே மஞ்சள் பூச்சு, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்தக் கலவையில் சிவப்பு குறைவு. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை சிஆர்ஐ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், சாதாரண விளக்கில் 80 இருக்கும். துணி, பெயின்ட், மரத்துக்குப் பாலிஷ் பார்க்கிறவர்கள் 90 கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான் இருக்கும், ஆனால் பட்டறை முழுக்க வேண்டாம், அந்த மூலைக்கு மட்டும் போதும். சால்டரிங் மேஜைக்கும் அப்படியே. ரெசிஸ்டரில் சிவப்புக் கோடா ஆரஞ்சுக் கோடா என்று தடுமாறுவது பல நேரம் விளக்கின் குறைதான், கண்ணின் குறை இல்லை. வெள்ளையா மஞ்சளா என்றால் இரண்டும் வேண்டாம், நடுவில் இருக்கிற 4000 கெல்வின் கேளுங்கள், வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில்தான் பெட்டியில் போட்டிருப்பார்கள். நீலம் தட்டுகிற வெள்ளையான 6500 நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் வாங்குகிறோம், ராத்திரி முழுக்க அதன் கீழே உட்கார்ந்து தைப்பது சிரமம்.

கேள்வி: பழைய டியூப் ஃபிட்டிங் பன்னிரண்டு இருக்கிறது. அதிலேயே எல்இடி டியூப் மாட்டலாமா? கரண்ட் எவ்வளவு மிச்சமாகும்?

மாட்டலாம், ஆனால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிட்டு ஒயரை மாற்றிக் கொடுக்கவேண்டும். சில டியூபில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே பக்கம், சிலதில் இரண்டு பக்கம், டியூப் மேலேயே படம் போட்டிருக்கும். இரண்டு பக்கமும் கொடுக்கிற வகையில் ஒரு முனை மாட்டியிருக்க மறுமுனையின் பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கும், சுவிட்சை நம்பாமல் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். ஹோல்டர் வெயிலில் நொறுங்கிப் போயிருந்தால் பேசாமல் புது பேட்டன் போடுங்கள். கழற்றிய பழைய டியூபை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

மிச்சம்: பழைய டியூப் சோக்கோடு சேர்த்து சுமார் 50 வாட், பன்னிரண்டுக்கு 600 வாட். தினம் ஆறு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 90 யூனிட். 20 வாட் எல்இடி என்றால் 36 யூனிட். மாதம் 54 யூனிட் குறையும்.

கேள்வி: ஐந்து வருடம் உழைக்கும் என்றார்கள், ஆறே மாதத்தில் நாலு பேட்டன் போய்விட்டது. எல்இடியே ஏமாற்றா?

இல்லைங்க. பெரும்பாலும் போவது எல்இடி இல்லை, அதன் டிரைவர். அதற்குள் இருக்கிற கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது, பத்து டிகிரி கூடினால் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். நீங்கள் தகர ஷீட்டை ஒட்டி மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், மே மாதம் மத்தியானம் அந்த இடத்தில் கை வைக்க முடியாது. செயின் போட்டு ஒன்றரை அடி கீழே இறக்குங்கள். அடுத்து வோல்டேஜ். அதே லைனில் வெல்டிங் மெஷின் ஓடுகிறதா, நியூட்ரல் விட்டு விட்டு வருகிறதா என்று ஆள் வைத்துப் பாருங்கள். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கட்டானால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறும், எந்த டிரைவரும் தாங்காது. வாங்கும்போது 4 கிலோவோல்ட் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எகிறல்) தாங்கும் என்று போட்டதையும், பிஐஎஸ் முத்திரையின் கீழே ஆர் என்று தொடங்குகிற பதிவு எண் உள்ளதையும் வாங்குங்கள்.

கேள்வி: வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கிற மூலைக்கு ஐபி 65 போதுமா?

போதாது. ஐபி 65 தூசியையும் தண்ணீரையும் தடுக்கும், மரத்தூள் பறக்கிற இடத்துக்கு அது நல்லது. தின்னர் ஆவி தீப்பிடிக்கிற சமாச்சாரம், அதற்கு உள்ளே தீப்பொறி வந்தாலும் வெளியே தீ பரவவிடாத ஃப்ளேம்ப்ரூஃப் ஃபிட்டிங்கும் காற்றை வெளியே தள்ள ஏற்பாடும் வேண்டும். அவ்வளவு செலவு முடியாது என்றால் ஸ்ப்ரே வேலையைப் பட்டறைக்குள் செய்யாதீர்கள், வெளியே திறந்த கொட்டகைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: அண்ணா, பொள்ளாச்சி ஆள்தான் மறுபடி. 18 பேட்டனுக்கும் ஒரே சுவிட்ச் வைக்கலாமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

வரிசைக்கு ஒரு சுவிட்ச் வையுங்கள், ஒருத்தர் மட்டும் வேலை செய்கிற நாளில் மொத்தமும் எரிய வேண்டாம். லைட்டிங்குக்குத் தனி லைன், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்), அதிலும் சி வகை, ஏனென்றால் பதினெட்டு டிரைவரும் ஒன்றாக உயிர் பெறும்போது ஒரு நொடிக்கும் குறைவாகக் கரண்ட் எகிறும், பி வகை சில நேரம் விழுந்துவிடும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கிற சுவிட்ச், கட்டாயம். கரண்ட் போனாலும் லேத் சக்கும் ரம்பமும் உடனே நிற்காது, இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் லேத்துக்கு மேலே ஒன்று, வாசலுக்கு மேலே ஒன்று, பேட்டரி உள்ள எமர்ஜென்சி விளக்கு தானாக எரிகிற மாதிரி மாட்டிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் லேத் முன்னால் நின்று வெர்னியர் வாசித்துப் பாருங்கள், பெஞ்சில் பென்சில் கோடு போட்டுப் பாருங்கள். எங்காவது நிழல் விழுந்தால் எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்லுங்கள், எந்த வரிசையை எவ்வளவு நகர்த்துவது என்று சொல்கிறேன்.