கிராணி வராத விளையாட்டு

வணக்கம் ஐயா,

என் மகனுக்குப் பதினான்கு வயது. இரவானால் கணினியில் துப்பாக்கி விளையாட்டுதான். போன வாரம் பழைய கால் ஆஃப் டியூட்டி ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான், 2008இல் வந்தது. அதில் ஜப்பான் சிப்பாய்களைச் சுட வேண்டும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். அப்பா அப்போது கைக்குழந்தை, இப்போது அவருக்கு 84 வயது. "தாத்தாவுக்காக ரெண்டு போடுடா" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவனும் சிரித்துக்கொண்டே சுட்டான். அப்புறம்தான் உறுத்தியது. நான் பல வருடங்களாக ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் மேலாளர் ஜப்பானியர், நல்ல மனிதர். அதே சமயம், மகன் அராபியர்களைச் சுடும் விளையாட்டை ஆடியபோது எனக்கு ஒன்றுமே தோன்றியதில்லை. எந்த நாட்டுக்காரனைச் சுட்டால் பரவாயில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு இருக்கிறதா ஐயா? இந்த விளையாட்டு அவனை வன்முறைக்குக் கொண்டுபோகுமா? நிறுத்தச் சொல்லட்டுமா?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பி,

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட மரண ரயில் பாதையைப் பார்க்க, தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனாபுரிக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வன்முறை பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். நம் ஊரில் கணினி வருவதற்கு முன்பே பாராங் கத்தி எடுத்து வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்த விளையாட்டு பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தரம் பிரித்துத்தான் விற்கிறார்கள். உங்கள் பையனுக்குப் பதினான்கு. வீட்டில் தகப்பன் நீங்கள், முடிவு உங்களுடையது. இதற்கு நான் எதற்கு?

அந்தக் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். அது உங்களுக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் அதைப் போட்டவர் நீங்கள் இல்லை. எந்த நாட்டுக்காரனை எதிரியாகக் காட்டினால் சரக்கு விற்கும், எவனைக் காட்டினால் கதவு அடைபடும் என்று பார்த்துத்தான் இந்த விளையாட்டுகளைச் செய்கிறார்கள். 2011இல் ஹோம்ஃபிரண்ட் என்று ஒன்று வந்தது. அமெரிக்காவை ஓர் அந்நியப் படை பிடித்துக்கொள்கிறது என்பது கதை. முதலில் அந்தப் படை சீனப் படையாகத்தான் இருந்தது. பிறகு வடகொரியா ஆக்கினார்கள். சீனா பெரிய சந்தை. வடகொரியாவில் யார் கடைக்குப் போய் அதை வாங்கப்போகிறார்கள்? 2013இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 4 சீனாவை வில்லனாகக் காட்டியது என்று அந்த நாடு தடை போட்டது.

அராபியரைச் சுடும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு ஒன்றும் தோன்றக்கூடாது என்றுதான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். சுடப்படுகிறவனுக்குப் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, பல சமயம் நாடே கற்பனை நாடாக இருக்கும். 2019இல் வந்த மாடர்ன் வார்ஃபேரில் உர்சிக்ஸ்தான் என்று ஒரு நாடு. அப்படி எங்கும் கிடையாது. ஆனால் அங்கே 'மரண நெடுஞ்சாலை' என்று ஒரு சாலை வருகிறது, ரஷ்யர்கள் குண்டு போட்டு அழித்தார்கள் என்கிறார்கள். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு சாலை இருக்கிறது தம்பி. குவைத்திலிருந்து ஈராக்குக்குப் போகிறது. 1991 பிப்ரவரியில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஈராக்கியர்களின் வண்டி வரிசை மேல் அங்கே குண்டு போட்டது அமெரிக்காவின் தலைமையிலான விமானங்கள். அந்தப் பழியைத் தூக்கி ரஷ்யன் தலையில் வைத்து அதையும் விற்றார்கள். விளையாடுகிற பையன் அதைச் சரித்திரம் என்றே நினைத்துக்கொள்வான்.

2010 மெடல் ஆஃப் ஹானரில் பலர் சேர்ந்து ஆடும்போது ஒரு பக்கத்தார் தாலிபானாக ஆடலாம் என்று முதலில் இருந்தது. செத்துப்போன அமெரிக்கச் சிப்பாய்களின் குடும்பங்கள் வருத்தப்பட்டன. விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'எதிர்ப்படை' என்று போட்டார்கள். தாலிபானைச் சுடுவதை யாரும் எடுக்கவில்லை, தாலிபானாக இருப்பதைத்தான் எடுத்தார்கள். அந்தக் குடும்பங்களின் துக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பேசினார்கள், உடனே காது கொடுக்க ஆள் இருந்தது. எவனுக்காகப் பேச ஆளில்லையோ அவனைச் சுடுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் இத்தனை வருடமாகச் சுட முடிவதற்குக் காரணம் வேறு. தோற்றுப்போன ஹிட்லரின் படைக்காகவும் தோற்றுப்போன பேரரசனின் படைக்காகவும் இன்று வெளிப்படையாக யாரும் வாதாட வரமாட்டார்கள்.

சரி, இதெல்லாம் நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம். எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு வரியில்தான். "தாத்தாவுக்காக ரெண்டு போடுடா."

தாத்தாவைப் பற்றி அந்தப் பையனிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் தம்பி? கடிதத்தை நான்கு தடவை படித்தேன். தாத்தாவின் பெயர் இல்லை. எந்தத் தோட்டம் என்று இல்லை. யார் அவரை ரயிலேற்றினார்கள் என்று இல்லை. "சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்", அவ்வளவுதான். பெயர் தெரியாத தாத்தாவுக்காக, பெயர் இல்லாத ஜப்பான்காரனை, ஓர் அமெரிக்க மரைன் வீரனின் கையை வைத்துக்கொண்டு உங்கள் மகன் சுடுகிறான். அதில் உங்களுக்கு ஒரு நிறைவு வேறு. அவன் சுட்டது பெலிலியு தீவிலும் ஒக்கினாவாவிலும். அங்கே நம் ஆட்களுக்கு என்ன வேலை?

என் பெரியப்பா அந்த ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர். நம் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசி, துணி, மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டம் சேர்த்தார்கள். சில தோட்டங்களில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று வரவழைத்து, வந்தவர்களை வளைத்து லாரியில் ஏற்றியதும் உண்டு. பெரியப்பாவின் தோட்டத்தில் அது எதுவும் தேவைப்படவில்லை. ஜப்பான்காரன் இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டான். ஆபீஸில் இருந்த கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் என்கிற ஆள் பெயர்ப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயர் எழுதினார். தனக்கு வேண்டியவர்களின் பெயரை விட்டார். தன்னிடம் எதிர்த்துப் பேசியவர்களின் பெயரை எழுதினார். பெரியப்பா அரிசிப் பங்கில் ஒருமுறை வாய்ச்சண்டை போட்டிருக்கிறார். அவர் பெயரும் ஏறியது.

பர்மா எல்லையில் அவர் பார்த்ததை நான் இங்கே விரிக்கப்போவதில்லை. காலரா, காலில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண், மழையில் அழுகிய கூடாரம், காலையில் எழுப்பினால் எழாத பக்கத்து ஆள். 415 கிலோமீட்டர் தண்டவாளம் 1943 அக்டோபரில் முடிந்தது. அவரை அதிகம் அடித்தது ஒரு கொரியாக்காரன். கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது, அங்கிருந்து ஆள் எடுத்துக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். போருக்குப் பிறகு 148 கொரியர்கள் போர்க்குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டார்கள், 23 பேர் தூக்கில் போனார்கள். இன்று உங்கள் பையன் கேட்கிற பாட்டும் நம் பெண்கள் இரவெல்லாம் பார்க்கிற நாடகமும் கொரியாவிலிருந்து வருகின்றன. விளையாட்டில் கொரியாக் காவல்காரனைச் சுடு என்று வந்தால் அவன் சுடுவானா, கேட்டுப் பாருங்கள்.

பெரியப்பா ஜப்பான்காரனைத் திட்டி நான் கேட்டதில்லை. "அவன் சண்டைக்கு வந்தவன்யா. சண்டைக்காரன் அப்படித்தான் இருப்பான்" என்பார். கொரியாக்காரனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கிராணியின் பெயரை மட்டும் சாகும்வரை வாயில் எடுக்கவில்லை.

கிராணி தோட்டத்தை விட்டுப் போகவே இல்லை, தம்பி. 1945இல் வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார், அதே கிராணியை அதே மேசையில் உட்கார வைத்தார். ஜப்பான்காரன் காலத்தில் ஆபீஸை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாராம். பெரியப்பா 1946இல் வந்து சேர்ந்தார். வேறு போக்கிடம் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற அதே பிரட்டுக் களத்தில் நின்று, அதே ஆள் பெயர் கூப்பிட, "இருக்கேன்" என்று சொன்னார். எத்தனையோ வருடம் மாதச் சம்பளத்தை அந்தக் கையிலிருந்துதான் வாங்கினார். அவரோடு போனவர்களில் திரும்பாதவர்களின் பெயரை அந்தச் செக்ரோலில் கோடு போட்டு அடித்திருந்ததாக ஒரே ஒரு தடவை சொன்னார்.

இந்தக் கிராணியை எந்த விளையாட்டில் வைப்பீர்கள்? அவர் சீருடை போடவில்லை. துப்பாக்கி தூக்கவில்லை. நம் மொழிதான் பேசினார், நம் கோயிலில்தான் தேர் இழுத்தார். சீருடை எங்கே இருக்கிறது என்று தேடிச் சுடப் பழகின பையனின் கண்ணுக்கு இந்த ஆள் தெரியவே மாட்டார். "ஜப்பான்காரனால் செத்தார் தாத்தா" என்று முடித்துவிட்டால் உங்களுக்கும் தெரியமாட்டார். ஜப்பான்காரன் செய்தது கொடுமை, அதை ஒரு துளிகூடக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவனை மட்டும் சுட்டுவிட்டுத் தாத்தா கணக்கு தீர்ந்தது என்றால், செக்ரோலை விரித்து வைத்தவனும் அவனைத் திரும்ப உட்கார வைத்தவனும் தப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். பெரியப்பா சயாமில் கிடந்த அதே நேரத்தில் என் அம்மாவின் மூத்த அக்கா சிங்கப்பூரில் காக்கி உடுத்தி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். நேதாஜி 1943இல் வந்து பேசியதைக் கேட்டுக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன தோட்டத்துப் பெண். அவருக்கு ஜப்பான்காரன் நேசப்படை. ஐ.என்.ஏ. 1944இல் இம்பாலுக்குப் போனபோது எதிரில் நின்ற பிரிட்டிஷ் படையில் ஏராளமானவர்கள் இந்தியர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அந்தப் பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் எந்தச் சிப்பாயைச் சுடுவது?

உங்கள் மகனுக்கு கேப்டன் பிரைஸைப் பிடிக்குமா என்று கேளுங்கள். மீசைக்காரர், கால் ஆஃப் டியூட்டியில் வருகிற பிரிட்டிஷ் வீரர். பிடிக்கும் என்றுதான் சொல்வான், பிடிக்காத பையனை நான் பார்த்ததில்லை. அவர் பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸின் 22ஆம் படைப்பிரிவு. அந்தப் படைப்பிரிவு எங்கே உருவானது தெரியுமா? நம் காட்டில். 1950இல் கம்யூனிஸ்டுகளைத் தேடுவதற்காக மலாயன் ஸ்கவுட்ஸ் என்று தொடங்கினார்கள், 1952இல் அது 22ஆம் எஸ்.ஏ.எஸ். ஆனது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் பிறந்ததே நம் சுங்கை சிப்புட்டில்தான், 1948 ஜூன் 16, மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட காலை. அதே வருடம் டிசம்பரில் பத்தாங் காலியில், ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதம் இல்லாத 24 பேரை பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். மறு வருடம் மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை பூடு சிறையில் தூக்கில் போட்டது பிரிட்டிஷ் அரசு. அதற்கெல்லாம் முன்பே, ஜப்பான்காரன் இங்கே கால் வைப்பதற்கும் முன்பே, 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த நம் ஆட்கள் மேல் ராணுவத்தை ஏவிச் சுட்டதும் அதே அரசுதான். விளையாட்டில் பிரிட்டிஷ்காரன் எப்போதும் நம் பக்கத்தில் நிற்கிறான். தோட்டத்துத் தமிழன் பேரன் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறான். ஜப்பானிய மேலாளருக்காக உறுத்தின உங்கள் மனது இதற்கு ஏன் உறுத்தவில்லை?

உங்கள் மேலாளர் நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். அவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கூச்சப்பட வேண்டாம். நீங்கள் அவருக்கு ஒன்றும் செய்துவிடவில்லை.

காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்கள். பெயர், படைப்பிரிவு, வயது, சிலதில் அம்மா சொன்ன ஒரு வரி, புல்லை அவ்வளவு அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்டவாளத்தில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளிகள், 90,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி நம் தோட்டத்து ஆட்கள். அவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. கிராணி எழுதிய காகிதத்துக்குப் பிறகு எங்கும் அவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை. உங்கள் கடிதத்திலும் எழுதவில்லை. நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவது அதனால்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவுக்கு 84 என்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா கைக்குழந்தையாக இருந்திருந்தாலும் பாட்டி அவரிடம் சொல்லாமலா இருந்திருப்பார்? தாத்தாவின் முழுப்பெயர், தோட்டம், எந்த டிவிஷன், யார் யாரோடு போனார், எந்த மாதம், பெயர் எழுதியது யார் என்று கேட்டு எழுதி வாருங்கள். எழுதுகிற வேலையைப் பையனிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பெரியப்பாவோடு போனவர்கள் என்று அவர் சொன்ன பெயர்களை நான் ஒரு நோட்டில் வைத்திருக்கிறேன். ஒத்துப் பார்க்க வேண்டும்.