டவர் பக்கத்தில்தான், சிக்னல் இல்லை: பூஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு சரிவில் எங்கள் வீடு. டவர் மேட்டுக்கு அந்தப்புறம், ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். மழைக்காலத்தில் அதுவும் போய்விடுகிறது. ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-லேயே எச்சரித்திருக்கிறது. தவிர, மலிவுச் சரக்கு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி, அக்கம்பக்கத்தார் போனையும் கெடுக்கும்.

உங்களுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை, மேடுதான். ரேடியோ அலை மலையைத் துளைத்து வராது. உச்சி விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஓரளவு வளையும். 2300, 3500 எல்லாம் பெரும்பாலும் மேட்டோடு சரி. அதனால் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பக்கத்து டவரைவிட, பள்ளத்தாக்குக்கு எதிரே கண்ணுக்கு நேராகத் தெரியும் தொலைதூர டவர் நன்றாகக் கிடைக்கலாம்.

மழைமேல் பழி போடாதீர்கள். செல்போன் அலைகளை மழைத்துளி அவ்வளவாகப் பாதிக்காது. தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நனைந்த இலைகள்தான் சிக்னலைக் குடிக்கின்றன.

காசு செலவழிக்கும் முன், வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் உறவினரையோ நண்பரையோ வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவருடைய ஆண்ட்ராய்டு போனில் 'சிம் நிலை' பகுதியில் டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) கணக்கில் ஓர் எண் தெரியும். மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் தேறாது. கோடுகளை நம்பாதீர்கள், அவை ஒவ்வொரு போனிலும் ஒரு மாதிரி. வீட்டைச் சுற்றி, குறிப்பாகப் பள்ளத்தாக்குப் பக்கம், நின்று பாருங்கள். பாதிப் பேருக்கு சிம் மாற்றுவதிலேயே வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போனில் வைஃபை காலிங்கைப் போடுங்கள், பேச டவரே வேண்டாம். அதுவும் இல்லையா? வெளி ஆண்டெனா மாட்டும் துளை உள்ள 4ஜி ரூட்டரும், ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆண்டெனாவும் வாங்குங்கள். துளை இல்லாத ரூட்டர்களும் கடையில் உண்டு, கேட்டு வாங்குங்கள். கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய கேபிளைப் பத்து மீட்டர் இழுத்தால், ஆண்டெனா பிடித்ததில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். ஆண்டெனா மாட்டும் கம்பத்துக்கு எர்த் போடவும் மறக்காதீர்கள், மலையில் இடி அதிகம்.