சிகிச்சை அறையில் யார் பாடுவது?

கேள்வி: உளப்பகுப்பாய்வுக்கு, அதாவது மனதில் உள்ளதை மருத்துவரிடம் பேசிப் பேசி ஆராயும் சிகிச்சைக்கு, போகும் ஒரு பெண்ணைப் பற்றி நானும் நண்பரும் சேர்ந்து பன்னிரண்டு பாட்டுகளில் ஒரு கான்செப்ட் ஆல்பம் வெளியிட்டோம். அதை இசை நாடகமாக்க ஆசை. பாட்டுகளுக்கு நடுவே வசனம் சேர்த்தால் போதுமா?

பதில்: போதாது. ஆல்பம் கேட்கிறவர் அவள் தலைக்குள்ளேயே இருக்கிறார். நாடகம் பார்க்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். "எனக்கு வலிக்கிறது" என்று அவள் பன்னிரண்டு விதமாகப் பாடினாலும் கதை நகராது. அந்த அறையில் இரண்டு பேருக்கு நடுவே என்ன மாறுகிறது என்பதுதான் உங்கள் நாடகம்.

இதற்கான சரக்கை உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டே கொடுத்திருக்கிறார். அப்பா, அம்மா மேல் இருந்த கோபத்தையும் ஏக்கத்தையும் நோயாளி தன்னையறியாமல் மருத்துவர் மேல் ஏற்றிவிடுவதை அவர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்றார். ஃப்ராய்ட் உட்காருவதும் கவுச்சில் படுத்திருக்கும் நோயாளியின் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாமல். மேடைக்கு இது வரம்: இருவர் முகமும் நமக்குத் தெரியும், அவளுக்கு அவர் முகம் தெரியாது. ஒரு காட்சி: உங்கள் நாயகி ஒருநாள் தாமதமாக வருகிறாள். அவர் ஏனென்று கேட்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கவுச்சிலிருந்து எழுந்து திரும்பி நின்று, ஆல்பத்தில் அப்பாவைப் பற்றிப் பாடிய பாட்டை அவரைப் பார்த்துப் பாடட்டும். வரியை மாற்றவே வேண்டாம். புதைந்த ரகசியத்தைக் கடைசிக் காட்சியில் தோண்டியெடுக்கும் உத்தி மட்டும் வேண்டாம். இடைவேளைக்குள் எல்லோரும் ஊகித்துவிடுவார்கள்.

1941-இல் நியூயார்க்கின் நாடகப் பகுதியான பிராட்வேயில் வந்த 'லேடி இன் தி டார்க்' என்ற இசை நாடகத்தைப் பற்றிப் படியுங்கள். இசை குர்ட் வைல், பாடல்கள் ஐரா கெர்ஷ்வின், நாடகம் மாஸ் ஹார்ட். ஹார்ட் தாமே உளப்பகுப்பாய்வுக்குப் போனவர். அலுவலகமும் மருத்துவர் அறையும் வெறும் வசனம்தான். பாட்டு ஏறக்குறைய முழுக்கக் கனவுகளில். சின்ன வயதில் கேட்ட ஒரு மெட்டு நாயகிக்கு அரைகுறையாகவே நினைவுக்கு வரும், முடிவில்தான் முழுப் பாட்டாகும். உங்கள் ஆல்பத்திலும் ஆக நல்ல பாட்டை இப்படி உடைத்துப் போடத் துணிவு வேண்டும். மருத்துவரைப் பாட வைக்காதீர்கள். அவர் மௌனத்தில்தான் அவள் பாட்டுக்கு இடம் கிடைக்கிறது.

சில பாட்டுகள் உதிரும், புதிதாகச் சில எழுத வேண்டியிருக்கும். பாட்டு நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் தானே அமையும் என்று நினைக்காதீர்கள். 'செஸ்' என்ற இசை நாடகம் 1984-இல் முதலில் ஆல்பமாக வந்து பெயர் வாங்கியது. 1986-இல் லண்டனில் மேடையேறியது. 1988-இல் கதையைத் திருத்தி எழுதி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதத்தில் திரை இறங்கிவிட்டது. ஆகவே முதல் வாசிப்பை இசையே இல்லாமல் இரண்டு நடிகர்களை வைத்து நடத்துங்கள். எங்கே நெளிகிறார்கள் என்று பாருங்கள். திருத்த வேண்டியது அங்கேதான்.

அதற்கும் முன்னால் காகித வேலை. ஒலிப்பதிவை வெளியிடும் உரிமை வேறு, அதே பாட்டுகளை நாடகமாக நடிக்கும் உரிமை வேறு. நண்பரோடு பங்கு, பெயர் போடும் வரிசை, ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பதை இப்போதே எழுத்தில் வையுங்கள். ஆல்பத்தை ஒரு நிறுவனம் வெளியிட்டிருந்தால், மேடை உரிமை யார் கையில் என்று அந்த ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள்.