சளிக்கு கைவைத்தியம்: நாலு வயசுக்கு ஆகுறது எட்டு மாசத்துக்கு ஆகாது

மதுரையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பெரியவனுக்கு நாலு வயசு, ஸ்கூல்ல இருந்து சளியோட வந்தான், மூணாம் நாள் எட்டு மாசப் பாப்பாவுக்கும் ஒட்டிக்கிச்சு, இப்ப எனக்கும் தொண்டை கரகரங்குது. மாமியார் கற்பூரத்தை தேங்காய் எண்ணெயில காய்ச்சி நெஞ்சுல தடவச் சொல்றாங்க, பாப்பா நாக்குல தேன் வைக்கணுமாம், எல்லாருக்கும் ஆவி காட்டணுமாம். எதைச் செய்யலாம் டாக்டர்?"

உங்க மாமியார் சொல்றதுல எல்லாமே தப்பு இல்லம்மா, ஆனா யாருக்குன்னு பாத்து செய்யணும். சளி வைரஸால வர்றது, 200க்கு மேல வைரஸ் இருக்கு, அதுல அதிகமா வேலையைக் காட்டுறது ரைனோவைரஸ்தான். எந்தக் கஷாயமும் அதைக் கொல்லாது, ஆன்டிபயாடிக்கும் கொல்லாது, உடம்பே ஒரு வாரம் பத்து நாள்ல விரட்டிடும், இருமல் மட்டும் ரெண்டு மூணு வாரம் இழுக்கலாம். அதுவரைக்கும் தூங்கவும் சாப்பிடவும் முடியுற மாதிரி வச்சுக்கிறதுதான் கைவைத்தியத்தோட வேலை. நடுவுல மூக்குச்சளி மஞ்சளா பச்சையா மாறும், உடனே மெடிக்கலுக்கு ஓடாதீங்க, அது சண்டை போட்ட வெள்ளை அணுக்களோட நிறம், அவ்ளோதான்.

முதல்ல பாப்பா. தேன் வேணவே வேணாம், ஒரு சொட்டு கூட. ஒரு வயசு முடியாத குழந்தைக்கு தேன்ல இருக்கிற ஒரு வகை கிருமியால பாட்டுலிசம் வரலாம், தசையெல்லாம் தளர்ந்து மூச்சு விடவே சிரமப்படும். தேனை சூடு பண்ணிக் குடுத்தாலும் அந்தக் கிருமி சாகாது. கற்பூர எண்ணெயும் வேணாம், கற்பூரம் தோல் வழியாவும் உள்ள போகும், வாயில பட்டாலோ சொல்லவே வேணாம், சின்னக் குழந்தைக்கு வலிப்பே வரலாம். விக்ஸ் மாதிரி தைலமும் ரெண்டு வயசுக்குக் கீழ கூடாது, டப்பாலயே போட்டிருக்கும், யாரும் படிக்கிறதில்ல. மூக்குல எண்ணெய் விடுற பழக்கம் இன்னும் சில வீட்ல இருக்கு, அது நுரையீரலுக்குள்ள இறங்கினா நிமோனியா.

அப்ப பாப்பாவுக்கு என்னதான் செய்யறது? இந்த வயசுல மூக்கு அடைச்சா பால் குடிக்கவே முடியாது, ரெண்டு வாய் உறிஞ்சிட்டு விட்டுட்டு அழும், அதான் உண்மையான பிரச்சனை. மெடிக்கல்ல சலைன் மூக்கு டிராப்ஸ் கிடைக்கும், வெறும் உப்புத்தண்ணிதான், விலையும் கம்மி. பால் குடுக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி பாப்பாவை மடியில மல்லாக்கப் படுக்க வச்சு ஒவ்வொரு மூக்குலயும் ரெண்டு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் பொறுங்க, சளி இளகி முன்னாடி வரும், சுத்தமான துணியால துடைச்சிட்டு பால் குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. உங்களுக்கு சளி இருந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, கையை சோப்பு போட்டு கழுவிட்டுத் தூக்குங்க போதும். ரூம்ல சாம்பிராணிப் புகை மட்டும் போடாதீங்க, எரிச்சல்தான் கூடும்.

பெரியவனுக்கு ராத்திரி படுக்கப் போறப்ப அரை ஸ்பூன் தேன் குடுங்க, இருமல் அடங்கித் தூங்குவான். கற்பூரவள்ளி இலையை தோசைக்கல்லுல வாட்டிப் பிழிஞ்ச சாறை தேன்ல கலந்து ஒரு ஸ்பூன் குடுக்கணும்னு வீட்ல ஆசைப்பட்டா குடுங்க, நான் தடுக்கமாட்டேன். மிளகு ரசம் நல்லா குழைஞ்ச சோத்துல, காரம் கம்மியா. வாழைப்பழம், பால் குடுத்தா சளி கூடும்னு பயப்பட வேணாம். இருமல் சிரப் வாங்காதீங்க, அஞ்சு வயசுக்குக் கீழ பொதுவா வேணாம்னு 2025 அக்டோபர்ல மத்திய சுகாதாரத்துறையே சொல்லிடுச்சு.

ஆவி உங்களுக்கு மட்டும், வெறும் தண்ணியே போதும், தைலம் போட்டா ஜில்லுன்னு இருக்கும், மூக்கு திறந்த மாதிரி தோணும், ஆனா அடைப்பு அப்படியேதான் இருக்கும். பசங்களுக்கு வேணாம், கொதிக்கிற குண்டாவை இழுத்துவிட்டு தொடை வெந்து வர்ற குழந்தைங்களை மழைக்காலம் வந்தா பாக்கறோம், சளியாவது தானா போகும். தொண்டைக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்பளிங்க. சுக்கு காபி குடிங்க, இதமா இருக்கும்.

இதுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் கண்டிப்பா செய்ங்க. பாப்பா அழாம இருக்கிறப்ப சட்டையைத் தூக்கிட்டு, போன்ல ஒரு முழு நிமிஷம் வச்சு வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணுங்க. எட்டு மாசத்துக்கு 50ம் அதுக்கு மேலயும், நாலு வயசுக்கு 40ம் அதுக்கு மேலயும் போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். மூச்சு இழுக்கிறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலும், பால் குடிக்காம துவண்டு கிடந்தாலும், உதடு நீலம் பாய்ஞ்சாலும், ஒண்ணுக்கு போறது ரொம்பக் குறைஞ்சாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. காய்ச்சல் மூணு நாள் தாண்டினாலும் காட்டிடுங்க. போனதும் வீட்ல என்னென்ன குடுத்தீங்க தடவினீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க, திட்டுவாங்கன்னு மாமியார் தடவின எண்ணெயை மட்டும் மறைச்சிடாதீங்க.