டொமைன் யார் பெயரில் இருக்க வேண்டும்?

கேள்வி: வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் கடையை ‘தாழம்பூ’ என்ற பெயரில் தொடங்கியிருக்கிறேன். இணையதளம் அமைத்துத் தரும் டிசைனர், டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, முதல் ஆண்டுக்கு இலவசமாகத் தாமே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். டாட் காம் வேண்டுமா, டாட் இன் வேண்டுமா என்றும் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: டாட் காமா, டாட் இன்னா என்பதைப் பிறகு பார்ப்போம், அந்தப் பெயர் யாருடையதாகப் பதிவாகப்போகிறது என்பதை முதலில் கேளுங்கள். டிசைனர் தம் கணக்கில், தம் மின்னஞ்சலைக் கொடுத்து வாங்கினால் பதிவேட்டில் உரிமையாளர் அவரே. கடை யாருடையது என்று, பெயரை விற்றுப் பதிவுசெய்யும் பதிவு நிறுவனம் பார்ப்பதில்லை. ஜெயநகரில் கேட்டரிங் நடத்தும் என் உறவினருக்கு இப்படித்தான் நேர்ந்தது. டிசைனர் ஊரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு போய்விட, புதுப்பிக்க வழியின்றி, விசிட்டிங் கார்டிலிருந்து டப்பா மூடி வரை அச்சிட்டிருந்த முகவரியை அவர் கைவிட வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, பதிவு நிறுவனத்தின் தளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கி, உங்கள் பெயர், முகவரி, என்றும் கைவிடாத ஒரு மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொடுத்து வாங்குங்கள். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, பதிவான 15 நாட்களுக்குள் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதிசெய்யாவிட்டால் பெயரை முடக்கிவிடக்கூடும் என்பதால், அந்த மடலைத் தேடிப் பாருங்கள். டிசைனருக்குத் தேவைப்படுவதெல்லாம், பெயரைத் தளத்தோடு இணைக்கும் நேம்சர்வர் விவரங்களை மாற்றுவதுதான். அவர் அனுப்பும் விவரங்களை நீங்களே உள்ளிட்டுவிடலாம், கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ‘தாழம்பூ’ அழகான பெயர்தான், ஆனால் அதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது தகரத்துக்கு டி மட்டுமா, டி-எச் சேர்ந்தா, ழகரத்துக்கு ‘எல்’ எழுத்தா, இசட்-எச்சா, கடைசியில் யூவா, இரட்டை ஓவா என்று எட்டு வடிவங்கள் வந்துவிடுகின்றன. தொலைபேசியில் பெயரைக் கேட்கும் கன்னட வாடிக்கையாளர் இசட்-எச் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. கடைக்குத் தைக்கக் கொடுக்கும் நான்கைந்து பேரிடம் பெயரைச் சொல்லி, அவர்களையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பலரும் எழுதும் வடிவத்தை முதன்மையாக வைத்து, அடுத்ததையும் வாங்கி முதல் தளத்துக்குத் திருப்பிவிடலாம். தமிழிலேயே ‘டாட் இந்தியா’ என முடியும் முகவரியும் உண்டு, ஆனால் தமிழில் தட்டச்சு செய்யாதவர்களும் உங்களைத் தேடி வருவார்கள் என்பதால் அதைக் கூடுதலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ பிறர் பெயரையொட்டி அமைத்துக்கொள்வது பாதுகாப்பல்ல. சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் சிஃபி என்ற பெயரை, நடுவில் ஓர் எஃப் கூடுதலாகச் சேர்த்து வேறொரு நிறுவனம் டொமைனாக்கிக்கொண்ட வழக்கு பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் பொருந்தும் என்று 2004-இல் தீர்ப்பானது. எனவே வாங்குமுன் வணிகச் சின்னப் பதிவகத்தின் இலவசத் தேடலில் தையல், ஆடை வகைகளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டாட் காம், டாட் இன் இரண்டும் கிடைத்தால் இரண்டையும் எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், உங்களைப் போல் உள்ளூர் வாடிக்கையாளர்களை நம்பிய கடைக்கு டாட் இன் தாராளமாகப் போதும். அதை நிர்வகிப்பது டெல்லியிலுள்ள நிக்ஸி அமைப்பு. விலையைப் பொறுத்தவரை, முதல் ஆண்டுச் சலுகையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் கட்டணத்தையும் அதன் மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: எங்கள் டாட் காம் பெயர் காலாவதியாகிப் பத்து நாள் ஆகிவிட்டது. போய்விட்டதா?
— வாசகர், ஜாலஹள்ளி

பதில்: பெரும்பாலும் இல்லை, இன்றே புதுப்பியுங்கள். காலாவதிக்குப் பின் பல பதிவு நிறுவனங்கள் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுகின்றன. ஆனால் அந்த அவகாசம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிலர் இடையிலேயே பெயரை ஏலத்துக்கும் விட்டுவிடுகிறார்கள். நிறுவனம் பெயரை நீக்கிவிட்டாலும் 30 நாட்களுக்கு மீட்புக் காலம் உண்டு. அப்போது மீட்புக் கட்டணம் பலமடங்காகிவிடும். அதன் பிறகு ஐந்து நாட்களில் பெயர் பொதுவில் விடப்பட்டு, முதலில் கேட்பவருக்குப் போய்விடும். கணக்கில் தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டு வைத்திருந்தாலும், இணைத்துள்ள வங்கி அட்டை காலாவதியாகிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.