லுங்காவில் தரையிறங்கிய பின்: பசிபிக் போர் விளையாட்டில் கடற்படையை நடத்தும் முறை

கேள்வி: "வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்" என்ற கணினி விளையாட்டில் குவாடல்கனால் தீவுக் களத்தை நேசநாடுகளின் பக்கம் நின்று ஆடுகிறேன். 1942 ஆகஸ்டில் அந்தத் தீவின் லுங்கா கரையில் படையை இறக்குவது ஒவ்வொரு முறையும் எளிதாகவே முடிகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் விமானந்தாங்கிகளுக்கு எரிபொருள் தீர்ந்துவிடுகிறது, சரக்குக் கப்பல்கள் மூழ்குகின்றன, கரையில் உள்ள படைக்கு சப்ளை இல்லாமல் போகிறது. எங்கே தவறுகிறேன்? தொடக்கத்திலேயே ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் தேடிப் போய் மோதிவிடுவது நல்லதா?

பதில்: உங்கள் சிக்கல் லுங்காவில் தொடங்கவில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் துறைமுகங்களில் தொடங்குகிறது. தரையிறக்கத்தை ஒரு சண்டையாகத் திட்டமிட்டு, அதற்கு அடுத்த முப்பது நாட்களைத் திட்டமிடாமல் விடுவதே இந்தக் களத்தில் பெரும்பாலான ஆட்டங்களைக் கெடுக்கிறது.

முதலில் வரைபடத்தில் தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு கட்டம் 40 கடல் மைல், ஒரு நகர்வு ஒரு நாள். நேசநாடுகளின் முன்னணித் தளமான லூகன்வில்லிலிருந்து லுங்காவுக்கு ஏறத்தாழ 560 கடல் மைல், அதாவது 14 கட்டங்கள். ஜப்பானியரின் தளமான ரபாலிலிருந்து லுங்காவுக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான். இரு தரப்பின் முன்னணித் தளங்களுக்கும் நட்டநடுவே நீங்கள் கொடி நாட்டியிருக்கிறீர்கள். 12 நாட் வேகத்தில் செல்லும் சரக்குக் கப்பல் நாளொன்றுக்கு ஏழு கட்டங்களே கடக்கும் என்பதால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், சரக்கை இறக்க அதற்கு மேலும் நாட்கள் என்று கணக்கிட வேண்டும். இன்னும் தெற்கே உள்ள நூமேயா துறைமுகத்திலிருந்து நேரே அனுப்பினால் தூரம் 850 கடல் மைலாகிவிடும். பேர்ல் ஹார்பரோ நூமேயாவிலிருந்தே 3,300 கடல் மைலுக்கு அப்பால் இருக்கிறது. எனவே படை புறப்படுவதற்கு முன்பே லூகன்வில்லில் எரிபொருளும் சப்ளையும் குவிந்திருக்க வேண்டும். துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் விரிவாக்கப் பொறியாளர் பிரிவுகள் அங்கே வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த வேலை நடந்து முடிய ஒரு வாரம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அந்த நாட்களில் தரைப்படைப் பிரிவுகளின் தயாரிப்புப் புள்ளிகளும் (ஒரு பிரிவு தன் இலக்குக்கு எவ்வளவு ஆயத்தமாக உள்ளது என்று காட்டும் எண்) உயரும். தயாரிப்புக் குறைவான பிரிவு கரையேறும்போதே குலைந்து போகும்.

வரலாற்றில் நடந்ததும் இதுவே. 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கர்கள் பெரிய எதிர்ப்பின்றி குவாடல்கனாலில் இறங்கினார்கள். மறுநாள் மாலையே அமெரிக்க அட்மிரல் ஃப்ளெட்சர் தம் விமானந்தாங்கிகளை விலக்கிக்கொண்டார். அன்றிரவு ஜப்பானிய அட்மிரல் மிகாவாவின் ஏழு க்ரூஸர்களும் (நடுத்தரப் போர்க்கப்பல்கள்) ஒரு நாசகாரியும் (சிறிய, வேகமான போர்க்கப்பல்) குவாடல்கனாலை அடுத்த சாவோ தீவருகே நுழைந்து தாக்கியதில் நேசநாடுகளின் நான்கு கனரக க்ரூஸர்கள் அழிந்தன. ஆகஸ்ட் 9 அன்று சரக்குக் கப்பல்கள், இறக்கி முடிக்காத பொருட்களோடு வெளியேறின. உங்கள் ஆட்டத்திலும் இந்த மூன்றும் அதே வரிசையில் நடக்க வாய்ப்பிருப்பதால், சரக்கைக் கப்பலில் ஏற்றும்போதே அதை மனத்தில் வையுங்கள். தரையிறக்கத்துக்குரிய ஆம்ஃபிபியஸ் அணியாகவே ஏற்றுங்கள். சாதாரண டிரான்ஸ்போர்ட் அணியாக ஏற்றினால் துறைமுகம் இல்லாத கரையில் இறக்கி முடிப்பதற்குள் எதிரி வந்துவிடுவான். ஒரே கப்பலில் தொண்டையளவு நிரப்புவதைவிட, அதே சுமையைப் பல கப்பல்களுக்குப் பகிர்ந்தால் இறக்கும் நேரம் வெகுவாகக் குறையும். இறங்கும் முதல் அலையிலேயே விமானத்தளத்தைச் சீராக்கும் பொறியாளர்களும், விமானங்களைப் பராமரிக்கும் பிரிவும் இருக்க வேண்டும்.

அடுத்து எரிபொருள். ஓர் அணியின் தாக்குப்பிடிக்கும் திறன் அதிலுள்ள பெரிய கப்பலைப் பொறுத்ததல்ல, நாசகாரிகளைப் பொறுத்தது. அவற்றின் கொள்ளளவு சிறியது. தம்மிடம் தீர்ந்ததும் அவை விமானந்தாங்கியிடமிருந்து எடுத்துக்கொள்ளும், பிறகு அதுவும் வற்றும். 'ஃபுல் ஸ்பீட்' கட்டளையைப் பழக்கமாகக் கொடுப்பவர்களுக்கு இது இன்னும் விரைவாக நடக்கிறது. அந்த வேகம் எரிபொருளைப் பல மடங்கு குடிப்பதோடு கப்பலின் இயந்திர அமைப்புகளையும் நாளடைவில் தேய்க்கிறது. சண்டை நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் இயல்பான வேகத்தில் ஓட்டுங்கள். எண்ணெய்க் கப்பல்களைத் தனி நிரப்பு அணியாக்கி, இரண்டு நாசகாரிகளின் காவலோடு, ரபாலின் டார்பிடோ விமானங்கள் எட்டாத தென்கிழக்குக் கடலில் நிறுத்துங்கள். விமானந்தாங்கி அணிகள் முறைவைத்து அங்கே சென்று நிரப்பிக்கொண்டு திரும்பட்டும்.

முறைவைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1942 ஆகஸ்ட் 23 மாலை, ஜப்பானியர் தொலைவில் இருப்பதாக நம்பி, வாஸ்ப் என்ற அமெரிக்க விமானந்தாங்கியின் அணி எரிபொருள் நிரப்பத் தெற்கே அனுப்பப்பட்டது. மறுநாள் கிழக்கு சாலமன் சண்டை மூண்டபோது எண்டர்பிரைஸ், சரடோகா என்ற விமானந்தாங்கிகள் மட்டுமே களத்தில் இருந்தன. ஆகையால் பாதி எரிபொருள் இருக்கும்போதே அனுப்பும் பழக்கம் வேண்டும். எதிரியின் பெரிய கப்பல்கள் இரண்டு நாள் தொலைவுக்குள் இல்லை என்று தேடல் விமானங்கள் காட்டும் நாளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். தீரும்வரை காத்திருந்தால் அந்தத் தேர்வு உங்கள் கையில் இராது. இன்னொன்று, ஒரே கட்டத்தில் நாட்கணக்கில் அணியை நிற்க விடாதீர்கள். ஆகஸ்ட் 31 அன்று சரடோகா ஐ-26 நீர்மூழ்கியின் டார்பிடோவால் அடிபட்டதும், செப்டம்பர் 15 அன்று வாஸ்ப் ஐ-19-க்கு இரையானதும், அந்தக் கப்பல்கள் அதே கடற்பகுதியில் நெடுநாள் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான்.

விமானந்தாங்கிகளை ஒரே அணியில் குவிப்பதையும் தவிருங்கள். 1942-இல் நேசநாடுகளின் ஓர் அணியில் விமானங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டத் தொடங்கியதும், தாக்குதல் அலைகள் ஒருங்கிணையாமல் சிதறும் வாய்ப்பு இரட்டிப்பாகக்கூடும் என்று விதி இருக்கிறது. எனவே அணிக்கு ஒரு விமானந்தாங்கி என்று பிரித்து, எல்லா அணிகளையும் ஒரே கட்டத்தில், ஒன்றை மற்றொன்று பின்தொடரும்படி வையுங்கள். வான்காவல் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கிடைக்கும். எதிரியை நோக்கி அணி தானாக எத்தனை கட்டம் நகரலாம் என்று சொல்லும் 'ரியாக்ஷன் ரேஞ்ச்' என்ற எண்ணைச் சுழியமாக்குங்கள். துணிச்சல் மிகுந்த தளபதி, எதிரி அணி கண்ணில் பட்டதும் அதை நோக்கிப் பாய்ந்து, கரையோரக் கப்பல்களை அநாதையாக விட்டுவிடுவது அப்போதுதான் பெரிதும் தவிர்க்கப்படும்.

இரவுச் சண்டைக்கான அணியை இதற்கு நேர்மாறாக அமைக்க வேண்டும். ஜப்பானிய நாசகாரிகள் தங்கள் தளமான ஷார்ட்லண்ட் தீவிலிருந்து ஏறத்தாழ 300 கடல் மைலை ஓரிரவில் கடந்து வந்து, விடிவதற்குள் உங்கள் விமானங்களின் எல்லையை விட்டு விலகிவிடும். அவற்றை எதிர்கொள்ள நான்கு க்ரூஸர்களும் ஆறு நாசகாரிகளும் கொண்ட மேற்பரப்பு அணியை லுங்காவிலேயே 'ரிமெய்ன் ஆன் ஸ்டேஷன்' (இடத்திலேயே இரு) கட்டளையோடு நிறுத்துங்கள். 'ரிடயர்மென்ட் அலவ்ட்' (திரும்பலாம்) என்று விட்டுவிட்டால், நீங்கள் தேவைப்படும் என்று நினைத்த இரவில் அது தாய்த்துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதைப் போன்ற இரண்டாவது அணி லூகன்வில்லில் வெடிமருந்து நிரப்பிக்கொண்டு தயாராக இருக்க வேண்டும். ஒரே ஒரு கடும் சண்டையில் பெரிய பீரங்கிகளின் குண்டுகள் தீர்ந்துவிடக்கூடும். சிறிய துறைமுகத்தில் அவற்றை நிரப்ப வெடிமருந்துக் கப்பல் உடனிருப்பது அவசியம்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் தேடல் விமானங்களை நம்பியே நிற்கின்றன. நெந்தி போன்ற தீவுகளில் கடல்விமானத் துணைக்கப்பலை நிறுத்தி, கேட்டலினா என்ற நெடுந்தூரக் கடல்விமானங்களை வடமேற்கு நோக்கிய வளைவுகளில் தினமும் பறக்க விடுங்கள். மொத்தக் கடலையும் ஒரே பிரிவிடம் ஒப்படைத்தால் எந்தத் திசையும் சரியாகப் பார்க்கப்படாது. விமானிகளின் சோர்வைக் கவனித்து, பாதிப் பிரிவுக்கு ஓய்வு கொடுங்கள்.

லுங்காவில் உள்ள ஹெண்டர்சன் விமானத்தளத்தில் விமானங்கள் வந்து இறங்கியதும் ஆட்டத்தின் தன்மை மாறும். வரலாற்றில் ஆகஸ்ட் 20 அன்று, லாங் ஐலண்ட் என்ற காவல் விமானந்தாங்கியிலிருந்து 19 வைல்ட்கேட் சண்டை விமானங்களும் 12 டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானங்களும் பறந்து வந்தன. அதன்பின் பகலில் அந்தக் கடல் பெரும்பாலும் நேசநாடுகளுக்கும், இரவில் ஜப்பானியருக்கும் உரியதாயிற்று. நீங்களும் அந்த நாளிலிருந்து பெரிய சரக்கு அணிகளை நிறுத்திவிட்டு, மூன்று நான்கு கப்பல்கள் கொண்ட சிறு அணிகளைச் சில நாட்கள் இடைவெளியில் அனுப்புங்கள். முழு நிலவு நாட்களில் எச்சரிக்கை கூடுதலாக இருக்கட்டும். அக்டோபர் 13 இரவு கோங்கோ, ஹருனா ஆகிய இரண்டு போர்க்கப்பல்கள் தளத்தின் மீது தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட 14 அங்குலக் குண்டுகளைப் பொழிந்து, விமான எரிபொருளின் பெரும்பகுதியை எரித்தன. அதை அடுத்தே ஜப்பானிய சரக்குக் கப்பல்கள் கரையோரம் வந்தன. உங்கள் தளத்தின் மீது இரவுப் பீரங்கித் தாக்குதல் நடந்தால், மறுநாளே எதிரியின் தரையிறக்கம் தொடரும் என்று வைத்துக்கொண்டு நகர்வுகளை அமையுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தேடிப் போய் மோதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷோகாகு, சுய்காகு ஆகிய ஜப்பானிய விமானந்தாங்கிகளின் விமானிகள் 1942-இல் இன்னும் தேர்ச்சி மிக்கவர்கள். இந்தக் குறுகிய களத்தில் நீங்கள் இழக்கும் விமானந்தாங்கிக்கு மாற்றாக வேறொன்று வந்து சேராது. அக்டோபர் 26 அன்று தொடங்கிய சான்டா குரூஸ் சண்டையில் ஹார்னெட் விமானந்தாங்கி மூழ்கி எண்டர்பிரைஸ் சேதமடைந்ததும், தென்பசிபிக்கில் முழுத் திறனோடு ஒரு அமெரிக்க விமானந்தாங்கியும் இல்லாத நிலை வந்தது. லுங்காவின் தரைத்தள விமானங்கள் எட்டும் தூரத்துக்குள், உங்கள் எண்ணெய்க் கப்பல் ஒரு நாள் தொலைவில் இருக்க, எதிரியை உங்களிடம் வரவிடுங்கள். சண்டை முடிந்ததும் சேதமடைந்த கப்பல்களை உடனே தனி அணியாகப் பிரித்து அனுப்புங்கள். நீர் புகுந்த கப்பலை முழு வேகத்தில் ஓட்டினால் அது வழியிலேயே மூழ்கக்கூடும் என்பதால், அருகிலுள்ள துறைமுகத்தில் தற்காலிகமாகச் சீராக்கி, பின்பு மெதுவாக சிட்னிக்கோ பேர்ல் ஹார்பருக்கோ கொண்டு செல்லுங்கள். பெருஞ்சேதம் என்று அடைப்புக்குறிக்குள் காட்டப்படும் பகுதியைக் கப்பல் பட்டறை உள்ள துறைமுகம்தான் சரிசெய்ய முடியும்.