காணிக்கைப் பவனியில் கிரிக்கெட் மட்டை

ஐயா, வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நாங்கள் சைவக் குடும்பம். டிசம்பர் 3, சவேரியார் திருநாள் பூசையில் காணிக்கைப் பவனி, அதாவது பீடத்துக்குக் காணிக்கைப் பொருள்களை வரிசையாகக் கொண்டுபோவது, இந்த வருஷம் என் பொறுப்பு. போன வருஷ நோட்டில் பூமி உருண்டை, கிரிக்கெட் மட்டை, கம்ப்யூட்டர் கீபோர்டு, ரோஜாப்பூ என்று பத்துப் பொருளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கமும் இருக்கின்றன. அதையே செய்துவிடலாம் என்கிறார்கள். இதன் ஆன்மிகப் பொருள் எனக்குப் பிடிபடவில்லை. இந்துப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? பூசையில் கொடுக்கும் அப்பத்தை அவர்களுக்கும் கொடுத்துவிடுவார்களோ என்று சில தாய்மார் கேட்கிறார்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பட்டியலில் பிடிபட ஒன்றுமில்லை. பூசை முடிந்ததும் மட்டை விளையாட்டு அறைக்கும் உருண்டை சமூக அறிவியல் அலமாரிக்கும் போய்விடும். உண்டியலில் போட்டதைச் சாயங்காலம் யாராவது திரும்ப எடுத்துவருவார்களா?

பூசையில் மக்கள் பீடத்துக்குக் கொண்டுபோவது கோதுமை அப்பமும் திராட்சை இரசமும்தான். குருவானவர் அவற்றை வாங்கிச் செபித்தபின், அதே அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மக்களிடம் திரும்பி வருகின்றன என்பது கத்தோலிக்க விசுவாசம். இவற்றோடு ஏழைகளுக்கோ கோயிலுக்கோ பணமும் பொருளும் கொண்டுவரலாம். ஆனால் பீடத்தின்மேல் வைக்காமல் வேறு தகுந்த இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது திருப்பலி (பூசை) நூலின் பொது விதிமுறை, 73ஆம் எண். உங்கள் நோட்டுப்படி பார்த்தால், பத்துப் பொருளுக்கு அரை நிமிஷம் வீதம் விளக்கம் வாசித்தாலே ஐந்து நிமிஷம். கடைசியில் அப்பம் வரும்போது பிள்ளைகள் கீபோர்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்! மைக் வேண்டாம். பாடகர் குழு ஒரு பாட்டுப் பாடினால் போதும்.

திருநாள் சவேரியாருடையது என்பதையும் மறக்கக் கூடாது. 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் நம் கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார். நோயாளிகளைப் பார்க்க வரும்படி அழைப்பு மேல் அழைப்பு வர, எல்லா வீட்டுக்கும் தம்மால் போக முடியாமல், செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பிவைத்தார். பள்ளிக்கூடத்துத் திருநாளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது.

ஆகவே அரிசி எடுங்கள். பிடியரிசி நம் பக்கத்துக் கோயில்களில் பழகிய வழக்கம்தான். ஒரு பிள்ளைக்கு 200 கிராம் என்றால் நாற்பது பேர் வகுப்பில் 8 கிலோ சேரும். இஷ்டம்போல் கொண்டுவரச் சொன்னால் பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி மூன்றும் கலந்துவிடும். உலையில் ஒன்று குழைய, ஒன்று விதையாக நிற்கும். வாங்கிக்கொள்ளும் முதியோர் இல்லத்தில் மாட்டுக்குத்தான் போடுவார்கள். புழுங்கல் மட்டும் என்று டைரியில் எழுதி அனுப்புங்கள். வகுப்பறை வாசலிலேயே பிரித்துப் பார்த்து, ஈரமோ வண்டோ இருந்தால் தனியே வையுங்கள். மூட்டைகள் முன்கூட்டியே பீடத்துக்கு வெளியே ஓரமாக இருக்கட்டும். பவனியில் வகுப்புக்கு ஒரு சின்ன ஓலைப்பெட்டி, இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை படியேற வேண்டுமே.

பெட்டியை எந்த மதத்துப் பிள்ளையும் சுமக்கலாம். அப்பமும் இரசமும் கொண்டுபோவதைக் கத்தோலிக்கப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

தாய்மார் கேட்டது நியாயமான கேள்வி. வரிசை நகர்ந்தால் பின்னாலேயே போவது பிள்ளைகள் சுபாவம். குருவானவருக்கு யார் எவர் என்று தெரியாது. பிள்ளை கையில் வாங்கிய ஓஸ்தியை, அதாவது அந்த அப்பத்தை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடும். புதுநன்மை வாங்கியவர்களின், அதாவது முறைப்படி முதல்முறை அந்த அப்பத்தை வாங்கி முடித்த கத்தோலிக்கப் பிள்ளைகளின், எண்ணிக்கையை முந்தின நாளே வகுப்பாசிரியர்களிடம் வாங்கிச் சக்கிறிஸ்து அறையில் (குருவானவர் பூசைக்குத் தயாராகும் அறை) கொடுங்கள். அவர்களை நடுப்பாதை ஓரமாகத் தனி வரிசையில் உட்காரவையுங்கள். நம்மூரில் சிக்கல் இந்துப் பிள்ளைகளால் வருவதைவிட சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) பிள்ளைகளால் வருவதுதான் அதிகம். தங்கள் கோயிலிலும் நற்கருணை (அப்பமும் இரசமும் கொடுப்பது) உண்டு என்பதால் இங்கும் வாங்கலாம் என்று அவர்கள் வீட்டில் நினைப்பார்கள். இங்கே வாங்குவதில்லை என்று முந்தின நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பூசை நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் பிள்ளைக்கு அவமானம்.

இன்னொன்று. நன்மை (நற்கருணை) வாங்கப் போகிறோம் என்று வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு. நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை சாப்பிடலாம்; தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. ஒன்பது மணிப் பூசைக்கு எட்டு மணிக்குள் இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மைதானத்தில் பூசை என்றால் அது மழைக்காலம், பந்தலை நம்பாமல் ஹாலையும் தயாராக வைத்திருங்கள். நேரம் மிச்சம் பிடிக்க பைபிள் வாசகங்களை ஒன்றாகக் குறைக்கலாம். சிறு பிள்ளைகள் பூசைக்கான வத்திக்கானின் 1973ஆம் ஆண்டு வழிகாட்டி அதை அனுமதிக்கிறது. நற்செய்தியை மட்டும் விடக் கூடாது.

அரிசியை அன்றைக்கே முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுங்கள். வேனில் டிரைவரை மட்டும் அனுப்பாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளும் இரண்டு டீச்சர்களும் போகட்டும், பெற்றோர் கையெழுத்தை ஒரு வாரம் முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரமும் மதியத் தூக்க நேரமும் தவிர்த்து, மூன்று மணிக்கு மேல் வரலாமா என்று இல்லத்தில் கேட்டுவிடுங்கள்.